வலியில்லாத சிவப்பு

மையக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவள் நகக்கண்களில் எந்நேரமும் கறுப்புச் சாயம் ஏறிக் கிடக்கும். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாலும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாலும் போகாது. அதைப் பார்த்து யாரோ ஒருத்தி விளையாட்டாக மையக்கா என்று கூப்பிடப் போக, அதுவே ஒட்டிக்கொண்டது. தபால்காரர்கூட படியேறும்போதே "மையக்கா, தபால்!" என்றுதான் குரல் கொடுப்பார்.

கீழே துணிக்கடை, மேலே அவள் பார்லர். நீளவாக்கில் ஓர் அறை. இரண்டு சுழல் நாற்காலிகள், சுவர் முழுக்க ஒரே கண்ணாடி, தலை கழுவ ஒரு பீங்கான் தொட்டி. அதற்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. அங்கேதான் சாயம் கலப்பாள். கிண்ணத்தில் பொடியைக் கொட்டி, டெவலப்பர் திரவத்தை ஊற்றிப் பிரஷ்ஷால் அடிக்கும்போது எழும் நெடியில் புதிதாக வருகிறவர்கள் கண்ணைக் கசக்குவார்கள். இருபத்தெட்டு வருஷமாக அதை முகர்ந்த மையக்காவுக்கு அது உறைப்பதே இல்லை. கையுறையும் போட மாட்டாள். "உறை போட்டா முடி என்ன சொல்லுதுன்னு விரலுக்குக் கேக்காது" என்பாள். விரலால் தடவிப் பார்த்தே சாயம் பிடித்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் ஊற வேண்டுமா என்று சொல்லிவிடுவாள்.

வாய் ஓயாது அவளுக்கு. தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பவளிடம் மாமியார் கதையைக் கறந்துவிடுவாள். அடுத்த நாற்காலியில் அந்த மாமியாரே வந்து உட்கார்ந்தாலும் மூச்சு விட மாட்டாள். கடையில் இன்னொரு கை, அவள் நாத்தனார். கணவனின் கடைசித் தங்கை. நாற்பதை நெருங்கி, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகும் குட்டி என்றே பெயர். பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அண்ணியின் கடைக்கு வந்தவள், கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் அங்கேயேதான் இருந்தாள்.

ஒரே ஒரு வசதிக் குறைவு. கழிப்பறை கீழே, துணிக்கடைக்குப் பின்னால். சாவி காவலாளியிடம். தலையில் சாயத்தோடு ஒருத்தியை உட்கார வைத்துவிட்டுக் கீழே இறங்கி, காவலாளியைத் தேடி, சாவி வாங்கி... அதற்குத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது மேல் என்று மையக்கா பழகிவிட்டாள். காலையில் வீட்டில் போனால், மறுபடி சாயங்காலம் வீட்டில்தான்.

அந்தச் சிவப்பு முதலில் வந்தது அப்படி ஒரு காலையில். பீங்கானில் இளஞ்சிவப்பாக, துணி அலசிய தண்ணீர் மாதிரி. வலி இல்லை, எரிச்சல் இல்லை. மாதவிலக்கு நின்று இரண்டு வருஷமாகியிருந்தது. 'போனவ சொல்லாம கொள்ளாம திரும்பி வந்துட்டா போல' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு தண்ணீரை ஊற்றிவிட்டாள். மறுநாள் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. மறந்தும் போனாள்.

இரண்டாவது முறை வந்தபோது தெரு முனை கிளினிக்குக்குப் போனாள்.

"எரிச்சல் இருக்கா?" என்று கேட்டார் கிளினிக் டாக்டர்.

"இல்ல டாக்டர். வலியும் இல்ல."

"அடிக்கடி போகுதா?"

"முன்னைக்கு இப்போ கொஞ்சம் ஜாஸ்தி."

"இன்ஃபெக்‌ஷன்தான். பொம்பளைங்களுக்கு இது சகஜம். நீங்க தண்ணி குடிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்று மாத்திரை எழுதினார். மாத்திரை சாப்பிட்டாள், சிவப்பு நின்றது. மாத்திரையே சாப்பிடாமல் இருந்திருந்தாலும் அது அன்றைக்கு நின்றிருக்கும். இந்த நோயின் குணம் அது. வரும், போகும், ஆளை ஏமாற்றும்.

மூன்றாவது முறை கிருமி இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்றும் வளரவில்லை. டாக்டர் கொஞ்சம் யோசித்தார். வெளியே கூட்டம். "எதுக்கும் இன்னொரு கோர்ஸ் சாப்பிடுங்க" என்றார். அவரும் கெட்டவர் இல்லை. அவரிடம் அதே தொல்லையோடு வருகிற நூறு பெண்களில் தொண்ணூற்றொன்பது பேருக்கு மாத்திரையில் சரியாகிவிடும். மையக்கா மிச்சமிருந்த ஒருத்தி. இப்படியே ஒரு வருஷம் ஓடிப்போனது.

கடைசியில் கண்டுபிடித்தது குட்டிதான். ஒருநாள் மையக்கா அடக்க முடியாமல் கீழே போனாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. மேலே வந்து வாளி எடுத்துப் போவதற்குள் குட்டி அந்தக் கழிப்பறைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, கீழ என்னது அது?"

"எது?"

"மழுப்பாதீங்க. அத்தனையும் ரத்தம்."

"சூடுடி. மாத்திரை சாப்பிட்டா போயிரும்."

"எத்தனை தடவை போச்சு?"

மையக்கா சீப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். நாற்காலியில் இருந்த வாடிக்கைக்காரி, ஓய்வுபெற்ற டீச்சர், கண்ணாடி வழியாக இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வலியில்லாம ரத்தம் போனா ஸ்கேன் எடுக்கணும்மா. எங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான்..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டாள். டீச்சர் கணவனை இழந்து வெகுநாளாகியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவு டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். பரபரவென்று நடப்பாள், மெதுவாகப் பேசுவாள். அவள் குனிந்து எழுதும்போது மையக்காவின் கண் தன்னால் வகிட்டுக்குப் போனது. "வேர்ல ரெண்டு விரலுக்கு வெளுத்துப் போச்சு டாக்டரம்மா. ஒருநாள் கடைக்கு வாங்க" என்றாள். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டும் வரைதான் நின்றது.

மூத்திரப் பைக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது, பக்கத்துத் திரையில் மையக்காவும் பார்த்தாள். மரத்துப்போகிற மருந்து போட்டிருந்தார்கள். வலியைவிடக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது. திரையில் கடலுக்கடியில் எடுத்த படம் மாதிரி வெளிர்நிறச் சுவர். அதில் ஓரிடத்தில் பாசிக் கொத்து போல ஏதோ ஒன்று தண்ணீரில் ஆடியது. அதை அவள் கண்ணே கண்டுபிடித்தது. ஆனால் டாக்டரம்மா அந்தக் கொத்தைத் தாண்டிப் போய், வெல்வெட் துணியை ஒட்டவைத்தது போல் சிவந்து தட்டையாக இருந்த ஒரு திட்டின் மேல் நின்றுவிட்டாள்.

"அதோ ஆடுதே, அதுதானே டாக்டரம்மா?"

"அதுவும்தான்" என்றாள் டாக்டரம்மா. கேமரா அந்தத் திட்டை விட்டு நகரவில்லை.

சுரண்டி எடுத்து, பரிசோதித்து, முடிவு வந்த அன்றைக்குக் கணவனும் கூட வந்தார். அவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அந்த அறையில் எங்கே கையை வைப்பது என்று தெரியாமல் கார் சாவியையே உருட்டிக்கொண்டிருந்தார். புற்றுநோய் என்று டாக்டரம்மா நேராகவே சொன்னாள். உள்தோலைத் தாண்டி அடுத்த அடுக்கு வரை இறங்கியிருக்கிறது. அதற்கும் கீழே இருக்கும் தசையை இன்னும் தொடவில்லை.

"இது எப்படி டாக்டரம்மா வரும்? எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாதே" என்றாள் மையக்கா.

"இது வம்சத்துல வர்றது ரொம்பக் குறைவு. நாம வாழ்ந்த வாழ்க்கையில சேர்றதுதான் அதிகம்" என்று டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சிகரெட் புகையிலயும் சில சாயங்கள்லயும் ஒரு வகை ரசாயனம் இருக்கு. மூக்கு வழியாவோ தோல் வழியாவோ உள்ள போகும். கல்லீரல் அதைப் பிடிச்சு, விஷத்தை முறிச்சு அனுப்பும். சிலர் கல்லீரல் அதைச் சட்டுன்னு செய்யும். சிலருக்குப் பிறவியிலேயே மெதுவா. மெதுவா இருக்கிறவங்களுக்கு முறியாத விஷம் கொஞ்சம் மூத்திரத்துல இறங்கிரும். மூத்திரம் பையில மணிக்கணக்கா நிக்குது இல்லையா? அந்த நேரமெல்லாம் உள்சுவர்ல இருக்கிற செல்லுங்க அதுலயே ஊறும்."

மையக்காவுக்குக் காவலாளியின் சாவி ஞாபகம் வந்தது.

"அப்படி ஊறுறதுல ஏதோ ஒரு செல்லோட ஜீன்ல அடி விழும். ஒன்பதாவது குரோமோசோம்ல ஒரு துண்டு காணாம போகும். பெரும்பாலும் அங்கதான் ஆரம்பம். பாத்தா நல்ல செல் மாதிரியே இருக்கும். ஆனா பக்கத்துல இருக்கிறதைவிடக் கொஞ்சம் கூடுதலா பெருகும். பிள்ளை, பேரப்பிள்ளைன்னு அந்த ஒரு செல்லோட வாரிசுங்க உள்சுவர்ல கொஞ்சம் கொஞ்சமா இடம் பிடிக்கும். ரத்தம் வராது, ஸ்கேன்ல தெரியாது."

"எவ்வளவு நாளா?"

"பத்து வருஷமா இருக்கலாம். இருபதாவும் இருக்கலாம். அதுக்கப்புறம் ரெண்டு வழி. ஒண்ணு, வளரச் சொல்ற சுவிட்ச் போட்டபடியே சிக்கிக்கிறது. அது கொத்துக்கொத்தா பைக்குள்ள வளரும், எடுக்க எடுக்க வரும், ஆனா பெரும்பாலும் ஆழமா இறங்காது. இன்னொண்ணு, காவல் காக்கிற ஜீனே கெட்டுப்போறது. பி ஐம்பத்து மூணுன்னு ஒரு ஜீன். செல்லுல தப்பு நடந்தா அதுதான் நிறுத்தி வைக்கும். சரி பண்ண முடியலைன்னா அந்த செல்லையே செத்துப்போகச் சொல்லும். அது போச்சுன்னா கேக்க ஆள் இல்ல. தப்பு மேல தப்பு சேரும்."

"எனக்கு எது?"

"ரெண்டாவது. அந்தத் தட்டையான சிவப்புத் திட்டு அதுதான்."

கணவன் கார் சாவியை உருட்டுவதை நிறுத்தினார். "டாக்டர்... நான் முப்பது வருஷமா சிகரெட் பிடிக்கிறேன். வீட்டுலயும்தான். அதனாலயா?"

"பிடிக்கிறவருக்குத்தான் ஆபத்து நிச்சயம். பக்கத்துல இருந்தவங்களுக்கு எவ்வளவுன்னு இன்னும் உறுதியா தெரியல."

"அப்போ என் சாயமா?" என்றாள் மையக்கா.

"ரொம்ப மோசமான சரக்கை எல்லாம் எப்பவோ எடுத்துட்டாங்க. ஆனாலும் வருஷக்கணக்கா அதுலயே வேலை செய்றவங்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடத்தான்னு ஆராய்ச்சி சொல்லுது. உங்களுக்கு இதனாலதான் வந்ததுன்னு யாராலயும் விரல் நீட்ட முடியாதும்மா."

யார் மேலும் விரல் நீட்ட முடியாது என்பதுதான் மையக்காவுக்கு ஆறாத எரிச்சலானது. அடுத்த சில வாரங்கள் அவள் தன் வாழ்க்கையைப் பின்னோக்கிக் கிளறிக்கொண்டே இருந்தாள். அந்த ஒரு செல் எப்போது கெட்டிருக்கும்? பையன் வயிற்றில் இருந்தபோதும் சாயம் கலந்தாளே, அப்போதா? கல்யாண முகூர்த்த நாட்களில் மூச்சு விட நேரமில்லாமல் தலை தலையாகப் பூசிக்கொண்டிருந்த காலத்திலா? பையன் முதல் சம்பளத்தில் மிக்ஸி வாங்கி வந்த அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டு நின்றாளே, அப்போதே உள்ளே அது குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததா? பையன் இப்போது வெளியூரில் வேலையில் இருந்தான். போனில் அழுதான். அவனைச் சமாதானப்படுத்தும் வேலையும் இவள் தலையிலேயே விழுந்தது.

கணவன் அன்றோடு சிகரெட்டை விட்டார். விட்டதோடு நிறுத்தாமல், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். காரில் ஏறுகிற பயணிகளிடம்கூடச் சொன்னாராம். ஒருநாள் மையக்கா வெடித்துவிட்டாள்.

"நீங்க விட்டதுக்கு ஊரே மாலை போடணுமா? முப்பது வருஷம் கழிச்சு விட்டுட்டு, நோய் என்னமோ உங்களுக்கு வந்த மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலையறீங்க. உங்களைத் தேத்தறதா, என்னைப் பாத்துக்கறதா?"

அவர் மெள்ள எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

சிகிச்சையைக் கேட்டபோது மையக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வலுவிழக்கச் செய்த காசநோய்க் கிருமியைக் குழாய் வழியாக மூத்திரப் பைக்குள் விடுவார்களாம்.

"ஒரு வியாதிக்கு இன்னொரு வியாதியா?"

"கிருமியைப் பாத்ததும் உடம்போட காவல் படை ஓடி வரும். வந்த இடத்துல இதையும் பாத்து அடிக்கும். இத்தனை நாளா இது அவங்க கண்ணுல படாம ஒளிஞ்சிருந்திருக்கு" என்றாள் டாக்டரம்மா.

வாரம் ஒருமுறை. மருந்தை விட்டபின் இரண்டு மணி நேரம் அடக்கிவைத்து, மல்லாக்க, குப்புற, இடது, வலது என்று புரண்டு படுக்க வேண்டும். அடக்குவது அவளுக்குப் புதிதா என்ன? ஆனால் பிறகு மூத்திரம் போகும்போது கண்ணாடித் துண்டு இறங்குவது மாதிரி எரிந்தது. குளிர்காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு முறையும், வெளியே வரும் கிருமி பரவாமலிருக்க, கழிப்பறையில் ப்ளீச்சிங் கரைசலை ஊற்றிக் கழுவினார் கணவன். அதைச் சொல்லிக்காட்டாமல் செய்தார் என்பதால் அவர் மேலிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

கடையைக் குட்டி பார்த்துக்கொண்டாள். மையக்கா கையுறைப் பெட்டிகளை வாங்கி அடுக்கினாள். பொந்துக்குள் காற்றாடி மாட்டினாள். பிறகு அதுவும் போதாதென்று, "சாயமே வேண்டாம்டி, வெட்டுறதோட நிறுத்திக்கலாம்" என்றாள். வாடிக்கைக்காரிகள் விடவில்லை. விஷயம் கேள்விப்பட்டு ஓடி வருவார்கள், மையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவார்கள், "பாழாப்போன சாயம்!" என்று திட்டுவார்கள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "முன்பக்கம் மட்டும் லேசா போட்டுவிடேன் குட்டி, விசேஷத்துக்குப் போகணும்" என்பார்கள். மையக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாது.

குட்டியைப் பற்றித்தான் அவளுக்குப் பயம்.

"நீயும் மூத்திரத்தை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருடி. ரத்தம் கண்ணுக்குத் தெரியாமலும் கசியுமாம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்கும்தான் ஒண்ணும் இல்லாம இருந்துச்சு."

குட்டி கத்தரிக்கோலை மேஜையில் டக்கென்று வைத்தாள். "நீங்க கலந்த சாயத்தைத்தான் அண்ணி நானும் கலந்தேன். எங்க அண்ணன் ஊதுன வீட்டுலதான் நானும் வளர்ந்தேன். எனக்கு மட்டும் தனியா ஒரு கல்லீரலா வச்சிருக்கு? இருந்தா இருந்துட்டுப் போகுது. தெரிஞ்சு நான் என்ன பண்ண? ரெண்டும் இன்னும் பள்ளிக்கூடம் போகுதுங்க."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே குட்டி எழுந்து போய்விடுவாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி கேமரா. கொத்து இருந்த இடம் சுத்தமாக இருந்தது. ஆனால் எதிர்ச்சுவரில் புதிதாக ஒரு சிவப்புத் திட்டு. பழையது எங்கோ இருக்க, இது எப்படி இங்கே வந்தது என்று மையக்கா கேட்டாள். அதே முதல் செல்லின் வாரிசுகள்தான், சுவர் முழுக்கப் பரவிக் கிடந்ததில் இந்த மூலையில் இருந்தவை இப்போது முற்றியிருக்கின்றன என்றாள் டாக்டரம்மா. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"காவல் ஜீன் போன வகை, மருந்துக்கும் அடங்கல. பையையே எடுத்துடறது நல்லதும்மா. தசைக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி."

கர்ப்பப்பையையும் சேர்த்து எடுக்க வேண்டும். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, வயிற்றில் ஒரு வாய் வைத்து, வெளியே ஒரு பை ஒட்டுவார்கள். மூத்திரம் அதில் சேரும். ஆயுசுக்கும்.

மையக்கா மாட்டேன் என்றுவிட்டாள். வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு ஒரு வாடிக்கைக்காரியின் தலைமாட்டில் எப்படி நிற்பது? நாற்றம் அடித்தால்? கணவன் பக்கத்தில் எப்படிப் படுப்பது? இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். இன்னொரு சுற்று மருந்து போட்டுப் பார்க்கலாம் என்று அடம்பிடித்தாள். அதன் ஆபத்தை டாக்டரம்மா எடுத்துச் சொன்னாள், பையன் போனில் கெஞ்சினான், கணவன் காலில் விழாத குறை. ஒன்றும் நடக்கவில்லை. மருந்துக்கென்று குறித்த நாட்களில்கூடப் பாதி நாள் போகாமல் கடையில் நின்றாள். அந்த நாட்களில் அவள் அதிகம் சிரித்தாள், அதிகம் பேசினாள். பேச்சை நிறுத்தினால் உள்ளே அது நகருவது கேட்டுவிடும் போல இருந்தது அவளுக்கு.

குளிர்காலம் முடியும்போது கட்டிகட்டியாக ரத்தம் வந்து, மூத்திரம் அடைத்துக்கொண்டது. இந்த முறை வலித்தது. தசைக்குள் இறங்கிவிட்டது என்று ஸ்கேன் சொன்னது.

"அன்னிக்கே சொன்னீங்க" என்றாள் மையக்கா.

"சொன்னேன். இன்னிக்கு என்ன செய்யலாம்னு பாப்போம்" என்றாள் டாக்டரம்மா. அவள் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது மையக்காவுக்கு.

இந்த முறை மையக்கா மறுக்கவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னால் கீமோ. முதல் ஊசிக்கே முடி தலையணையில் கொத்தாக வர ஆரம்பித்தது. அவள் கடைக்குப் போனாள். கதவைச் சாத்தச் சொன்னாள். தன் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தாள்.

"மெஷினைப் போடுடி."

குட்டி மெஷினை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். நோய் தெரிந்ததிலிருந்து மையக்கா தன் தலைக்குச் சாயம் போட்டதில்லை. அதற்கு முன்னால் ஒரு வாரம் தவறியதில்லை. பாதிக்கு மேல் வெளுத்துக் கிடந்த அந்தத் தலையைக் குட்டி இப்போதுதான் விரலால் அளைந்து பார்த்தாள்.

"என்ன அண்ணி இது, பஞ்சு மூட்டை மாதிரி."

"உங்க அண்ணன்கூட முதல் தடவை பாத்துட்டு, யாருடி நீன்னுதான் கேட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது குட்டி அழத் தொடங்கிவிட்டாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. முடித்துத் தரையைக் கூட்டி அள்ளிய பிறகு, கடைச்சாவியை எடுத்து மையக்காவின் மடியில் வைத்தாள்.

"நான் நாளையிலேர்ந்து வரல அண்ணி. ரொட்டிக் கடையில கல்லாவுக்கு ஆள் கேட்டாங்க. கேவலம்தான், இந்த நேரத்துல விட்டுட்டுப் போறது. ஆனா அந்தக் கிண்ணத்தைத் தொடவே மனசு வரல."

"போ" என்றாள் மையக்கா. குட்டி பிழைத்தாள் என்று ஒரு நிம்மதி. நடுத்தெருவில் விட்டுவிட்டாளே என்று ஒரு வயிற்றெரிச்சல். வழுக்கைத் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு படி இறங்கினாள். ஐந்து மாதத்துக்குக் கடை பூட்டிக் கிடந்தது.

அறுவை சிகிச்சை ஒரு நாள் முழுக்க நடந்தது. விழித்துப் பார்த்தபோது வயிற்றின் வலப்பக்கம் ஒரு சிவந்த மொட்டு, அதன் மேல் ஒட்டிய பை. முதல் வாரம் அவள் அதைப் பார்க்கவே இல்லை. பையை மாற்றக் கற்றுக்கொடுக்க வந்த நர்ஸிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கற்றுக்கொண்டது கணவன்தான். பையின் வாயை அளவெடுத்து வட்டமாக வெட்டி, தோலைத் துடைத்து, விரலால் ஓரத்தை அழுத்தி ஒட்டினார். மூன்றாவது முறை அவர் வெட்டியதைப் பார்த்து மையக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"கத்தரியைப் பிடிக்கிற லட்சணத்தைப் பாரு. கொடுங்க இங்க."

அன்றிலிருந்து அவளே வெட்டிக்கொண்டாள்.

வெட்டி எடுத்த மூத்திரப் பையின் உள்சுவரில் அங்கங்கே திட்டுகள் இருந்தன. பக்கத்தில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் ஒன்றில் புற்றுச் செல்கள் போய்ச் சேர்ந்திருந்தன. ஒன்றே ஒன்று. அதனால் ஊசி தொடர்ந்தது. இது வேறு வகை ஊசி. காவல் படையைப் பார்த்து 'கிட்டே வராதே' என்று கை காட்டி நிறுத்தும் வித்தையை இந்தச் செல்கள் கற்று வைத்திருக்கின்றனவாம். இந்த மருந்து அந்தக் கையைத் தட்டிவிடுமாம். "கத்துக்காத வித்தை ஏதாவது மிச்சம் வச்சிருக்கா அது?" என்று கேட்டாள் மையக்கா.

கடையை மறுபடி திறந்தாள். வெட்டுவது மட்டும். நின்றால் கால் கடுப்பதால் உயரமான ஸ்டூல் போட்டுக்கொண்டாள். ஒருநாள் டீச்சரின் தலையைப் பாதி வெட்டியிருக்கும்போது பையின் ஓரம் விட்டுப்போய், ஈரம் துணியில் இறங்கியது. "இதோ வந்துட்டேன் டீச்சர்" என்று உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். டீச்சர் அரைத் தலையோடு, கண்ணை மூடித் தூங்குவது போல் உட்கார்ந்திருந்தாள். மிச்சப் பாதியையும் வெட்டி அனுப்பிவிட்டு, மையக்கா அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டாள்.

அடுத்த மாதம் குட்டி வீட்டுக்கு வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"டெஸ்ட் பண்ணேன் அண்ணி. கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்காம். கேமரா விட்டுப் பாக்கணும்னு சொல்றாங்க."

'நானே சொல்லிச் சொல்லிப் போக வைத்தேன்' என்றும், 'நான்தானே இவளை அந்தக் கிண்ணத்திடம் கொண்டுபோய் நிறுத்தினேன்' என்றும் ஒரே நேரத்தில் மையக்காவின் மனம் அடித்துக்கொண்டது. "நான் வர்றேன்டி" என்று மட்டும் சொன்னாள்.

அதே ஆஸ்பத்திரி, அதே தாழ்வாரம். இந்த முறை உள்ளே குட்டி, வெளியே பெஞ்சில் மையக்கா. உள்ளே திரையில் என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும். வெளிர்நிறச் சுவர். அதில் வெல்வெட் மாதிரி ஒரு சிவப்பு இருக்கக் கூடாது. அவ்வளவுதான் வேண்டும். மேலே ஒட்டியிருந்த பெயர்ப்பலகையின் எழுத்துகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வந்தாள். "சுத்தமா இருக்கு. ஒரு திட்டுகூட இல்ல. ஸ்கேன்ல சிறுநீரகத்துல மணல் மாதிரி சின்னக் கல்லு தெரியுது, அதுல கசிஞ்ச ரத்தம். வருஷத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டா போதும்."

மையக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். நெஞ்சு அப்படியே இளகிப்போனது. அது அடங்குவதற்குள், கேட்காமல் கொள்ளாமல் இன்னொன்று எழுந்தது. அதே புகை, அதே சாயம், அதே காவலாளி, அதே சாவி. அவளுக்கு ஒரு கல், எனக்கு மட்டும் இது. ஏன்? அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவளுக்கே உடம்பு கூசியது. பிள்ளை மாதிரி அவள் வளர்த்தவள் குட்டி.

"டாக்டரம்மா, அவ கல்லீரல் வேகமா இருக்குமோ?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த ஒரு செல்லுல அடி படாம தப்பிச்சிருக்கலாம். அதைச் சொல்ற டெஸ்ட் எங்கிட்ட இல்லம்மா."

குட்டி உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். வந்ததும் அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, சிரிக்க வந்த வாய் பாதியில் நின்றது. மையக்கா எழுந்துபோய் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வயிற்றுப் பை இருவருக்கும் நடுவில் நசுங்கியதை இருவரும் உணர்ந்தார்கள். குட்டிதான் முதலில் கொஞ்சம் விலகினாள்.

"வலிக்குதா அண்ணி?"

"இல்லடி. வா, ஏதாவது சாப்பிடலாம். காலையிலேர்ந்து பட்டினி."

கேன்டீனில் குட்டி விடாமல் பேசினாள். ரொட்டிக் கடை முதலாளி, மூத்தவனின் பரீட்சை, கல்லை உடைக்க எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது வரை. மையக்கா தலையாட்டிக்கொண்டே டீயைக் குடித்தாள். நடுவில் எழுந்து போய்ப் பையைக் காலி செய்துவிட்டு வந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு ஸ்கேன். கணவன் அன்றைக்குச் சவாரி எடுக்கப் போவதில்லை, காலையிலேயே வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார். அதைக் குட்டியிடம் சொல்ல வாயெடுத்தாள். குட்டி கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு போன் செய்துகொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லையாம், ஒண்ணுமே இல்லையாம்!" என்று அவள் சத்தமாகச் சொன்னது மேஜை மேஜையாகக் கேட்டது. மையக்கா பேச்சை விழுங்கிவிட்டு, குட்டி குடிக்காமல் ஆறவிட்ட டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.